மெஷின்தான் என்றேன்

இரும்பு கேட்டின் கொக்கியைப் பிடித்தபடி, உள்ளே வராமல், வெயிலில் நின்றுகொண்டே என் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். கோளாறு கம்ப்யூட்டரிலா, அவள் புருஷனிடமா? இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்றாள். எது உண்மை என்று எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. ஆனால் நான் கம்ப்யூட்டர்தான் என்றேன். வாய் தவறிச் சொன்னதில்லை. தெரிந்து, யோசித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வேலை பார்த்த காலமெல்லாம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு விளைவுக்கு எது காரணம், எது காரணமில்லை என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சொந்தத் தங்கை கேட்டபோது அந்த வேலையை நான் செய்யவில்லை. இதை எழுதுவதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

தங்கையின் கணவரை நான் மாப்ள என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். என்னைவிடச் சில வயது இளையவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே தலைமை மெக்கானிக்காகி ஓய்வு பெற்றவர். குடியிருப்பு திருப்பரங்குன்றத்தில், ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம். நான் திருநகரில் இருக்கிறேன். டவுன் பஸ் ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அவர் வீட்டு நிறுத்தம் வந்துவிடும்.

டிப்போவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வண்டி இழுக்கவில்லை என்று டிரைவர் எழுதிவைத்தால், ஓட்டத் தெரியவில்லை என்று டிரைவருக்கே மெமோ கொடுப்பது மேலே இருந்தவர்களின் வழக்கம். மாப்பிள்ளை அதை ஒத்துக்கொள்ளமாட்டார். ‘ஆளத் திட்டுறதுக்கு முன்னாடி வண்டிக்கடியில படுத்துப் பாருங்க’ என்பார். ஒருமுறை தேனிப் பக்கம் போகும் ஒரு பஸ், ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது மட்டும் மூச்சுத் திணறி நின்றது. டிப்போவில் நிறுத்திப் பார்த்தால் எஞ்சின் நன்றாக ஓடியது. புதிதாக வேலைக்கு வந்திருந்த டிரைவர்மேல் பழி விழுந்தது. மாப்பிள்ளை அந்த பஸ்ஸிலேயே ஏறி, எஞ்சின் பக்கத்தில் குந்தியபடி கணவாய்வரை போனார். காற்றுக் குழாயின் உள்பக்கத்து ரப்பர் உரிந்து, ஏற்றத்தில் எஞ்சின் முழு வேகத்தில் காற்றை இழுக்கும்போது மட்டும் குழாய் சப்பையாக ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். நின்ற வண்டியில் அந்தக் குறை தெரியவே தெரியாது. அந்த டிரைவர் மனைவியோடு வந்து, ஒரு வாழைத்தாரை இவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். இப்படிப் பல டிரைவர்களின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். குற்றம் ஆளிடம் இருக்காது, இயந்திரத்தில்தான் இருக்கும் என்பது அவருக்கு வெறும் பேச்சில்லை. படுத்துப் பார்த்து, கையால் தொட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொண்ட நம்பிக்கை. பங்குச் சந்தைக்கும் அவர் அந்த நம்பிக்கையோடுதான் வந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு, கூட வேலை பார்த்த ஒருவர் டீக்கடையில் வைத்துச் செல்போனில் அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தார். காலையில் வாங்கி அன்றே சாயங்காலத்துக்குள் விற்றுவிடுவது. ஆரம்பத்தில் சில நாள் லாபம் வந்தது. பிறகு செல்போன் திரை சிறிதாக இருக்கிறது, கோடுகள் சரியாகத் தெரியவில்லை என்று என்னிடம் வந்தார். ‘மச்சான், நீங்க படிச்சவுக. நல்ல மெஷினாப் பாத்து வாங்கிக் குடுங்க.’

அப்போது என் மனைவி இறந்து வெகுநாள் ஆகியிருக்கவில்லை. மகன் வெளிநாட்டில். கல்லூரியில் இருந்தவரை ஒரு நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்பார்கள். ஓய்வுக்குப் பிறகு, பால்காரர் நாளைக்கு எம்புட்டு வேணும் சார் என்று கேட்பதைத் தவிர என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மாப்பிள்ளை கேட்டதும் நான் காகிதம் எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். இருவரும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். அன்று நான் நேர்மையாகத்தான் நடந்துகொண்டேன். பங்குகளின் விலை எங்கிருந்தோ இணையம் வழியாக வருகிறது, நம் மெஷின் அதை வரைந்து காட்டுவதோடு சரி, அதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை என்று அவருக்கு விளக்கினேன். நடுத்தரமான ஒரு பிராசஸர், அதற்குத் தேவையான அளவு ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க், ஒரு மானிட்டர். கரண்ட் போனால் கையில் இருப்பதை விற்று வெளியே வர அவகாசம் வேண்டும் என்பதால் ஒரு யுபிஎஸ். இந்த வேலைக்கு இது போதும் மாப்ள என்றேன். கடைக்காரர்கூட, சார் கரெக்டாச் சொல்றாரு என்றார். ‘சார்’ என்ற அந்தச் சொல்லை வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

சில மாதங்களில் நஷ்டம் தொடங்கியது. எல்லோருக்கும் வருகிற நஷ்டம்தான். ஆனால் மாப்பிள்ளை அதை ஒரு டிரைவர் புகார் கொடுப்பதுபோலச் சொன்னார். மெஷின் இழுக்கவில்லை என்றார். அவர் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வரைபடங்களைத் திறந்து வைத்திருந்தார். கூடுதல் ராம் போட்டால் கொஞ்சம் லேசாகும் என்று நான் சொன்னது உண்மை. போட்டோம், லேசானது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் காலையில் மெஷின் சட்டென்று திறக்கும் என்றேன். அதுவும் உண்மை. ஒவ்வொரு தடவையும் டவுன்ஹால் ரோடு, வரும் வழியில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா, வீட்டுக்கு வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மாட்டுவது, தங்கை சுடச்சுட வைக்கும் இட்லி. என் காலைப்பொழுது முழுவதும் அந்த வீட்டில்தான் கழிந்தது.

கழற்றிய பொருள்கள் எனக்கு வந்தன. முதலில் பழைய ராம், பிறகு ஹார்ட் டிஸ்க். ‘சும்மா கெடக்குறதுக்கு நீங்க போட்டுக்கங்க மச்சான்’ என்று மாப்பிள்ளைதான் கொடுத்தார். கொடுத்தபோது மனசார வாங்கிக்கொண்டேன். பெரிய மானிட்டர் வந்ததும் சின்னது என் மேஜைக்கு வந்தது. இரண்டாவது யுபிஎஸ் வந்ததும் முதலாவது வந்தது. அவருடைய மெஷினில் எதை மாற்றவேண்டும் என்று யோசிக்கும்போதே, அதிலிருந்து எது என்னிடம் வரும் என்று இன்னொரு பக்கம் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் என் வீட்டு கம்ப்யூட்டரில் வெளிப்பெட்டியும் உள்ளே பிராசஸர் பொருத்தியிருக்கும் போர்டும் மட்டும்தான் என் காசில் வாங்கியவை.

பிறகு மூன்று மானிட்டர், அவற்றை இயக்க ஒரு கிராபிக்ஸ் கார்டு. மாப்பிள்ளை மானிட்டர்களுக்கு இரும்பு ஆங்கிளில் தானே வெல்டிங் வைத்து ஒரு ஸ்டாண்ட் செய்தார். ஒயர்களை எல்லாம் பஸ்ஸில் கட்டுவதுபோலக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றினார். அவ்வளவு சுத்தமான ஒயரிங்கை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. தங்கை வாசற்படியில் நின்று, ‘கல்யாண மண்டபத்துலகூட இம்புட்டு டிவி வைக்கலண்ணே. உங்க ரெண்டு பேருக்கும் பந்தி மட்டுந்தான் பாக்கி’ என்பாள். ஆயுத பூஜை அன்று பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ‘மச்சான், இதுக்கு டயர் இல்லையே, எங்கிட்டு வைக்க?’ நான் யுபிஎஸ்ஸின் அடியைக் காட்டினேன். மூவரும் சிரித்தோம். நஷ்டம் ஒருபக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அன்று சிரிப்பு இருந்தது.

நான் சொன்ன முந்தின நாள் இதுதான். காலையில் போய் வழக்கம்போல அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓர் இரும்புக் கம்பெனியின் பங்கை அவர் வாங்கியிருந்தார். வாங்கும்போதே, இன்ன விலைக்குக் கீழே இறங்கினால் தானாக விற்றுவிடு என்று ஒரு கட்டளை போட்டுவைப்பார்கள். ஸ்டாப் லாஸ் என்று அதற்குப் பெயர். நஷ்டத்துக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் வேலி. விலை இறங்கி அந்த வேலிக்குப் பக்கத்தில் வந்தது. அவர் வேலியைக் கொஞ்சம் கீழே தள்ளிப் போட்டார். விலை அங்கேயும் வந்தது. இன்னும் கீழே தள்ளினார். மூன்றாவது தடவை வேலியையே எடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. விலை நிற்காமல் இறங்கியது. அவர் விற்பதற்கான சிவப்புப் பொத்தான்மேல் அம்புக்குறியைக் கொண்டுவந்து வைத்தார்.

‘தொங்கிருச்சு மச்சான்’ என்றார். ‘அமுக்குறேன், போக மாட்டேங்குது.’

நான் திரையைப் பார்த்தேன். மூலையில் கடிகாரத்தின் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து இரண்டு திரைகளிலும் கோடுகள் அசைந்துகொண்டிருந்தன. சிவப்புப் பொத்தானின் மேலிருந்த அம்புக்குறி லேசாக நடுங்கியது. மவுஸைப் பிடித்திருந்த கை நடுங்கியதால்தான் அது நடுங்கியது. தொங்கிப்போன மெஷினில் அம்பு நடுங்காது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மவுஸைத் தொடாமல் நூல் அளவு மேலே நின்றது. அமுக்குகிறேன், அமுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, விரல் இறங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அமுக்கிக்கொண்டிருப்பதாகவே நம்பினார். முகமெல்லாம் வியர்வை. விலை அதலபாதாளத்துக்குப் போன பிறகு விரல் இறங்கியது. கண்ணிமைக்கும் நேரத்தில் விற்றுமுடிந்தது என்று திரையில் வந்தது.

‘பாத்தீகளா, இப்பத்தான் விடுது’ என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாப்ள, மெஷின் நிற்கவில்லை, உங்கள் விரல் நின்றது, இந்த வேலை உங்களுக்கு வேண்டாம் என்று. அதற்குப் பதிலாக, ‘போர்டு பழசாயிருச்சு போல மாப்ள’ என்றேன். அந்தப் போர்டு அப்படி ஒன்றும் பழசில்லை.

மறுநாள்தான் தங்கை ஷேர் ஆட்டோவில் தனியாக வந்தாள். அவள் தனியாக என் வீட்டுக்கு வருவது அபூர்வம். எங்கள் அப்பா செக்கானூரணிப் பக்கம் வைத்திருந்த புஞ்சையை எங்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்து எழுதியிருந்தார். அவள் பங்கை விற்று, புதிதாக நல்ல மெஷின் வாங்கி, மீதியைச் சந்தையில் போட்டு, விட்டதைப் பிடிக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவளுக்கு அந்த நிலத்தைத் தவிரத் தன் பேரில் வேறு எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் ஓய்வூதியப் பணம் அதற்குள் பெரும்பாலும் கரைந்திருந்தது. அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. வயதான காலத்தில் விழுந்தால் பிடித்துக்கொள்ள அவளுக்கு இருந்தது அந்த நிலம்தான்.

‘நீ தெனமும் பக்கத்துல உக்காந்து பாக்குற ஆளு. கோளாறு மெஷின்லயாண்ணே, இவருகிட்டயா? இவருதான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். மெஷின்தான்னா போட்டுருறேன்.’

‘மெஷின்தாம்மா’ என்றேன். ‘நல்லதா ஒன்னு போட்டா சரியாப் போகும்.’

அவள் முகம் தெளிந்தது. கொக்கியை விட்டுவிட்டு உள்ளே வந்து, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். ‘நாந்தான் புத்தி இல்லாம மனுசனப் போட்டுக் கரிச்சுக் கொட்டிக்கிட்டிருந்தேன்’ என்றாள். நஷ்டத்தைவிட, புருஷன்மேல் தப்பிருக்குமோ என்பதுதான் அவளை அரித்திருக்கிறது. அதை நான் நீக்கிவிட்டேன். லேசாகிப் போய் ஆட்டோ ஏறினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலமும் எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றச் சொன்னேன் என்று கொஞ்சநாள் நம்பினேன். அது சாக்கு. அவர்தான் காரணம் என்று சொன்னால் வியாபாரம் நிற்கும். நின்றால் என் காலைப்பொழுதும் நிற்கும். டவுன்ஹால் ரோடு கிடையாது, சார் கிடையாது, இட்லி கிடையாது. இது ஒன்று. இன்னொன்றை எழுதக் கை கூசுகிறது. புது மெஷின் வந்தால் பழைய போர்டும் பிராசஸரும் உங்களுக்குத்தான் மச்சான் என்று மாப்பிள்ளை முந்தின நாளே சொல்லியிருந்தார். தங்கை கேட்டில் நின்றபோது அது என் நினைவில் இருந்தது. அது ஒன்றுக்காகவே பொய் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நினைவில் இருந்தது.

நிலம் விற்றது. வாங்கியவர் அடுத்த மழைக்குள் கல் ஊன்றி மனை போட்டுவிட்டார். எங்கள் அப்பா வைத்த வேம்பு இரண்டு மனைகளுக்கு நடுவே வந்ததால் வெட்டப்பட்டது. நானும் மாப்பிள்ளையும் கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல பிராசஸராக, நல்ல போர்டாக, வேகமான ராமாகப் பொறுக்கினோம். கடைக்காரர் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு, ‘பேரன் கேம் வெளாடவாங்க?’ என்று கேட்டார். ‘எனக்குத்தான் தம்பி’ என்று மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். புது மெஷினை முதன்முதலில் ஓடவிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். ‘சத்தமே இல்ல மச்சான். எஞ்சின்னா இது எஞ்சின்’ என்றார். நான் ஒரு பையில் பழைய போர்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மெஷின் தாமதிக்காததால் அவர் முன்னைவிட அடிக்கடி வாங்கினார், விற்றார். விரல் மட்டும் நஷ்டத்தில் அமுக்கவேண்டிய இடத்தில் எப்போதும்போல நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்ச நாளில் காலையில் போவதைக் குறைத்தேன். முட்டிவலி என்று சொன்னேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மாலை போட அந்த வீட்டில் மெஷின் இல்லை. கல்யாண வீடியோ வேலை பார்க்கும் ஒருவர் அதை மலிவாக வாங்கிக்கொண்டு போயிருந்தார். இரும்பு ஸ்டாண்டில் தங்கை துணி காயப்போட்டாள். பிறகு அவள் பசுமலைப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போனாள். மாப்பிள்ளை திருமங்கலம் ரோட்டில் ஒரு ஷெட்டில், பள்ளிக்கூட வேன்களுக்கு பிரேக் வேலை பார்க்கப் போனார். அவர் கையால் பிரேக் பார்த்தால் ஓனருக்கு நிம்மதி என்று அங்கே அவருக்கு மரியாதை. பழைய நிமிர்வு கொஞ்சம் திரும்பியது. பங்குச் சந்தையைப் பற்றி யாராவது கேட்டால், ‘மெஷின் காலை வாரிருச்சுண்ணே, இல்லேன்னா நான் எங்கயோ போயிருப்பேன்’ என்று சொல்லிச் சிரிப்பார். அந்த வாக்கியத்தின் மேல்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். என்மேல் இருவருக்கும் ஒரு துளி வருத்தமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் பங்கு நிலம் அப்படியே இருந்தது. மகனிடம் கேட்டேன், உங்க விருப்பம்பா என்றான். அதைத் தங்கை பேருக்கு எழுதிவைத்தேன். பத்திரம் பதிந்த அன்று அவள் அழுதாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போதெல்லாம், எங்கண்ணன் மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று ஊரறியச் சொன்னாள். நான் கையைக் கழுவிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறேன். நிலத்தைக் கொடுத்தால் தீரும் என்று நினைத்தது தீரவில்லை. பொய்யின் மேல் ஒரு புகழும் சேர்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். அன்று பார்த்ததை, மறுநாள் சொன்னதை, பழைய போர்டு உட்பட எல்லாவற்றையும்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. ஒரு வண்டியின் புகாரை விசாரிப்பதுபோல விசாரித்தார்.

‘கடிகாரம் ஓடுச்சா?’

‘ஓடுச்சு மாப்ள.’

‘அம்பு?’

‘நடுங்குச்சு.’

‘நான் அமுக்கவே இல்ல?’

‘இல்ல.’

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘அப்ப மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு’ என்றார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

தங்கை அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘கேட்டன்னைக்குச் சொல்லிருந்தா உன் கால்ல விழுந்து கும்பிட்டிருப்பேண்ணே’ என்றாள். ‘இப்ப எதுக்குச் சொன்ன? உன் பாரத்த எறக்க வந்த. எறக்கிட்ட. அந்த மனுசன் தலையில எறக்கிட்ட.’ நிலத்தைத் திருப்பி எழுதிக்கொள்ளச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ‘அது எங்கப்பன் நெலம். அத வச்சுக்கிருவேன்’ என்றாள். அதில் அவள் இப்போது குத்தகைக்கு ஆள் வைத்திருக்கிறாள். வரும் பணம் என் வழியாக வருவதில்லை.

அந்த வாரமே மாப்பிள்ளை ஷெட்டில் பிரேக் வேலை பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஓனர் எனக்கு போன் செய்து, என்னாச்சு சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க, அவரு இல்லாம வேலை ஓடாது என்றார். நான் பஸ் ஏறிப் போனேன். மாப்பிள்ளை கால்சட்டையை மடக்கிவிட்டு, ஒரு வேனைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு வந்து, எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னார்.

‘என் கை நின்னது எனக்கே தெரியலன்னா, நட்டு இறுக்கமா இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படி மச்சான் தெரியும்? புள்ளைக போற வண்டி’ என்றார்.

நான் வாதாடினேன். பணம் போகும் பயத்தில் விரல் நிற்பது வேறு, பழகிய வேலையில் கை ஓடுவது வேறு, இத்தனை வருஷத்தில் உங்கள் கையால் ஒரு வண்டி தவறியதில்லை, இரண்டையும் ஒன்றாக்காதீர்கள் என்று, ஒரு வகுப்புக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. இன்றைக்கும் அது உண்மை என்றே நம்புகிறேன். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

‘நீங்க சொல்றது நெசமாவும் இருக்கலாம் மச்சான். எனக்காகச் சொல்றதாவும் இருக்கலாம். எது எதுன்னு இனிமே நான் எப்படிக் கண்டுபிடிக்க?’

பஸ் வரும்வரை கூடவே நின்றார். வந்ததும் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, பாத்துப் போங்க என்றார். இப்போதும் அங்கேதான் வேன் கழுவுகிறார். பிரேக் வேலைக்கு வந்திருந்த இன்னொருவர் சம்பளம் போதவில்லை என்று போய்விட்டார். ஓனர் வேறு ஆள் தேடுவதாகக் கேள்வி. நல்லது கெட்டதுக்கு அவர்கள் வீட்டுக்கு நான் போகிறேன். தங்கை தட்டில் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சென்ற மாதம் போனபோது மாப்பிள்ளை கையில் புதுச் செல்போன் இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கடையில் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றார்.